நூறு தூண்டிலுக்கு ஒரு மீன்

நாவல் எழுதுகிறவன் நாவல்களைத்தான் படிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. சில காலமாக நான் விடாமல் படித்து வருவது மீன்வள ஆய்வறிக்கைகளை. அவற்றிலும் முக்கியமாக, சூரை மீன் எந்தக் கடலில், எந்த ஆழத்தில் கிடைக்கிறது என்று தேடிப் போன கப்பல்களின் அறிக்கைகளை. நண்பர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். “என்ன, கதைக்குப் பஞ்சம் வந்துவிட்டதா?” என்று ஒருவர் கேட்டார். பஞ்சம் வந்திருப்பது உண்மைதான். எனக்கு அல்ல, கடலைப் பற்றிய தமிழ்க் கதைக்கு. அந்தப் பஞ்சம் எதனால் வந்தது என்பது இந்த வறண்ட அறிக்கைகளைப் படிக்கும்போதுதான் எனக்குத் தெளிவாகிறது. ஆகவே இவற்றையும் நாவல்களுக்குப் பக்கத்தில் வைத்து, ஒன்றை வைத்து மற்றொன்றை விமரிசனம் செய்து பார்க்கலாம் என்று உத்தேசம்.

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் சூரைக்கு அவ்வளவாக மதிப்பு கிடையாது. வஞ்சிரம் வாங்கக் கை நீளாத நாளில் வாங்குகிற மீன் அது. சதை கறுப்பு, ரத்தம் ஜாஸ்தி என்று குறை சொல்வார்கள். அதே மீன் தகர டப்பியில் அடைபட்டு, ‘டூனா’ என்று பெயரை மாற்றிக்கொண்டு வந்தால் மரியாதை கூடிவிடுகிறது! மாலத்தீவிலும் மினிக்காயிலும் அதை அவித்துப் புகைகாட்டி உலர்த்தினால் மாசி. இலங்கைத் தமிழர் சமையலில் அதற்கு உள்ள கௌரவம் தனி. உஷ்ணப் பிரதேசத்துச் சமுத்திரங்களில் ஓயாமல் நீந்திக்கொண்டிருக்கிற ஜீவன் இது. நீந்துவதை நிறுத்தினால் செவுளுக்குள் தண்ணீர் பாயாது, மூச்சு முட்டிவிடும். ஓரிடத்தில் நிற்கவே முடியாத ஒரு மீனுக்கு இடம் குறிக்க வேண்டும் என்பதுதான் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்ட வேலை.

அதை எப்படிச் செய்கிறார்கள்? விடிவதற்கு முன்பே கப்பலிலிருந்து ஒரு நெடுங்கயிற்றைக் கடலில் விட ஆரம்பிக்கிறார்கள். மிதவைகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. இடைவெளி விட்டு அதிலிருந்து கிளைக்கயிறுகள் தொங்குகின்றன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு தூண்டில். அதில் கணவாயோ கானாங்கெளுத்தியோ இரையாக இருக்கும். வியாபாரக் கப்பல்கள் 2000, 3000 தூண்டில்கள்கூட விடுவது உண்டு; கயிறு 100 கிலோமீட்டருக்கு நீளும். ஆய்வுக் கப்பல் விடுவது அதைவிடக் குறைவு. சில மணி நேரம் ஊறவிட்டுப் பிறகு இழுக்கிறார்கள். எந்த அட்சரேகை, எந்த தீர்க்கரேகை, தண்ணீரின் உஷ்ணம் எவ்வளவு, எத்தனை தூண்டில் போட்டோம், எதில் எது மாட்டியது, அதன் நீளம், எடை, ஆணா பெண்ணா, வயிற்றில் என்ன இருந்தது, சுறா கடித்துப் பாதி போயிற்றா என்று ஒன்று விடாமல் எழுதிக்கொள்கிறார்கள். கடைசியில் வருவது ஒரே ஒரு எண்: 100 தூண்டிலுக்கு எத்தனை மீன்? ஒன்று என்று வந்தால் பரவாயில்லை என்பார்கள். ஒன்றுக்கும் குறைவாக வருவது சகஜம்.

ஆழத்தைக் குறித்துக்கொள்வதற்கும் காரணம் இருக்கிறது. உஷ்ணக் கடலில் மேல்தண்ணீர் வெதுவெதுப்பான போர்வை மாதிரிக் கிடக்கும். அதற்குக் கீழே சட்டென்று குளிர் ஆரம்பமாகும். வங்காள விரிகுடாவில் பிராணவாயுவும் அங்கே மிகவும் குறைந்துவிடும். மஞ்சள் துடுப்புச் சூரை பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேயே சஞ்சரிக்கும். பெருங்கண் சூரை அதைத் தாண்டிக் கீழேயும் இறங்கும். ஆகவே தூண்டில் எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறது என்பதைப் பொறுத்தே கடல் பதில் சொல்கிறது. தப்பான ஆழத்தில் கேள்வி கேட்டால், மீன் நிறைந்த கடலும் வெறுங் கடலாகத்தான் தெரியும். இந்த வாக்கியத்தை இலக்கியத்துக்கும் வைத்துக்கொள்ளலாம்.

நம் தேசத்தில் இது புதிய சமாசாரம் அல்ல. 1946இல் பம்பாயில் ஆழ்கடல் மீன்பிடி நிலையம் ஒன்றைச் சர்க்கார் தொடங்கிற்று. அதுவே வளர்ந்து 1983இல் ‘ஃபிஷரி சர்வே ஆஃப் இந்தியா’ என்ற தேசிய ஸ்தாபனமாயிற்று. ‘புளூ மார்லின்’, ‘எல்லோ ஃபின்’, ‘மத்ஸ்ய திருஷ்டி’ என்றெல்லாம் அதன் நெடுங்கயிற்றுக் கப்பல்களுக்குப் பெயர். 1952 முதலே ஜப்பானியக் கப்பல்கள் இந்துமாக்கடலில் நெடுங்கயிறு விட ஆரம்பித்துவிட்டன. 1960களின் முதற்பாதியில் பல தேசத்து விஞ்ஞானிகள் சேர்ந்து இந்துமாக்கடலையே அளந்தார்கள். அதில் கலந்துகொண்ட ‘அன்டன் புரூன்’ என்ற கப்பல், அதற்கு முன் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனின் உல்லாசப் படகாக இருந்தது. இங்கே மண்டபத்தில் 1962 ஜனவரியில் சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி வகை மீன்களுக்காகவே ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் வெள்ளாறு கடலில் கலக்கிற பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக் கடல் உயிரியல் மையத்தைப் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா உருவாக்கினார். தமிழ்நாட்டுக் கரையில் கடலைப் படிக்கிறவர்களுக்குக் குறைவில்லை. எழுதுகிறவர்கள்தான் படிக்கவில்லை.

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நவீனத் தமிழ்ச் சிறுகதையின் பெரிய பெயர்களில் மூன்று இந்த வட்டாரத்தைச் சேர்ந்தவை. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934இல் பிறந்தது மஞ்சக்குப்பத்தில். மௌனி நெடுங்காலம் வாழ்ந்தது சிதம்பரத்தில். மூவருக்கும் கடல் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். ஆனால் இவர்களுடைய பேர்பெற்ற கதைகளை எண்ணிப் பாருங்கள். எதிலாவது வலை வீசுகிறவன் கதாநாயகனாக இருக்கிறானா? புதுமைப்பித்தன் ‘கபாடபுரம்’ கதையில் கடலுக்கடியில் போன நகரத்தைத் தேடுகிறார். கடலின்மேல் பிழைக்கிறவனைத் தேடவில்லை. இதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை. அவரவர் அநுபவம் எதுவோ அதுதான் எழுத்தாக வரும். ஆனால் மூன்று மேதைகளுக்கும் ஒரே இடம் கண்ணில் படவில்லை என்றால், அது தனி மனிதர்களின் விஷயம் அல்ல, மரபின் விஷயம்.

மரபு என்று சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். அதாவது, போனவனை நினைத்துக் கரையில் ஏங்குவது. இரண்டாயிரம் வருஷமாக நம் கடல், கரையில் நிற்கிறவளின் கடல். குறுந்தொகையில் ஒரு பாட்டு உண்டு. சுறா தாக்கிய புண் ஆறித் தகப்பன் மறுபடியும் கடலுக்குப் போய்விட்டான். தாயும் உப்பு விற்கப் போய்விட்டாள். ஆகவே காதலன் இப்போது வந்தால் சௌகரியம்! அழகான பாட்டு, எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்தத் தகப்பன் போன இடத்தில் என்ன ஆயிற்று என்று கேட்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. புண் ஆறிய மனிதன் மறுபடி அதே சுறாக்கடலுக்குப் போகிறானே, அது எப்பேர்ப்பட்ட கதை!

மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் சிதம்பரத்துக்கு அருகில் உள்ள கிள்ளைக்கு எழுந்தருளிக் கடலில் தீர்த்தவாரி கண்டு திரும்புகிறார். பெருமாளுக்கு அது போதும். நம் கதாசிரியர்களும் அதையே செய்துகொண்டிருந்தால் எப்படி? அலை விளிம்பு வரைக்கும் போய், காலை நனைத்துக்கொண்டு, ஊருக்குத் திரும்பிவிடுகிற இலக்கியம்தான் நம்மிடம் அதிகம். இதற்குத் தீர்த்தவாரி இலக்கியம் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன்.

விதிவிலக்குகள் இல்லையா என்று வாசகர்கள் கேட்பார்கள். பார்க்கலாம். கல்கியின் பூங்குழலி கோடிக்கரையில் படகு வலிக்கிறாள், புயலும் அடிக்கிறது. அது சாகசக் கடல். ரசிக்கலாம், அதில் மீன் கிடையாது. தகழியின் ‘செம்மீன்’ 1956இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமி அதைத் தமிழில் தந்தார். உயர்ந்த நாவல்தான். ஆனால் அதில் கடல் என்பது ஒரு நீதி ஸ்தலம். கரையில் இருப்பவளின் ஒழுக்கத்தைப் பார்த்துக் கடலில் இருப்பவனுக்குத் தீர்ப்பு வழங்குகிறது. பழனி சுறாவோடு போராடிச் சாகும்போதுகூட நம் மனசு கரையில் கறுத்தம்மாவிடம்தான் இருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. வல்லம் வைத்திருப்பவனுக்கும் லாஞ்சி வைத்திருப்பவனுக்கும் உள்ள பகையை அது கண்டுகொண்டது. கடலுக்குள் இயந்திரம் வந்தால் குடும்பத்துக்குள் என்ன வரும் என்று கேட்டது. அந்த வகையில் பெரிய எட்டு. ஆனாலும் தலைப்பே சொல்லிவிடுகிறது, அது கடல்புரம்; கடல் அல்ல.

ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இல் வெளிவந்தது. இதில்தான் கதை உண்மையாகவே தண்ணீருக்குள் போகிறது. நடுக்கடலில் தத்தளிக்கிற மூன்று பேரை வைத்து ஒரு முழு ஊரின் சரித்திரத்தையே சொல்லிவிடுகிறார். காற்றின் பெயர், நீரோட்டத்தின் பெயர், மரத்தின் உறுப்புகளின் பெயர் எல்லாம் தெரிந்த ஒருவர் எழுதிய நாவல் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஆனால் தமிழ்நாட்டுக் கரை 1000 கிலோமீட்டருக்கு மேல் நீளம். நான் சொன்ன இரண்டு தமிழ் நாவல்களும் தென்கோடிக் கரையைச் சேர்ந்தவை. தேவனாம்பட்டினத்துக்கும் சாமியார்பேட்டைக்கும் முடசல்ஓடைக்கும் இந்தத் தரத்தில் ஒரு நாவல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது இந்த ஊர்களின் பெயர்களைப் பத்திரிகையில் படித்தோம். 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது மறுபடி படித்தோம். அழிவு வந்தால் மட்டும் அச்சில் ஏறுகிற ஊர்கள் என்றால், அவற்றின் சாதாரண நாளை எழுத ஆள் இல்லை என்றே அர்த்தம்.

அந்தச் சாதாரண நாளைத்தான் ஆய்வறிக்கையில் நான் கண்டேன். அதன் பெரிய குணம் ஒன்று உண்டு: அது வெறுந் தூண்டிலையும் எழுதுகிறது. 500 தூண்டில் போட்டு ஒரு மீனும் கிடைக்காத நாளுக்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு. அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் மற்ற எண்களுக்கு மதிப்பே இல்லை. நம் கதைகளில் பூஜ்யம் கிடையாது. கடலுக்குப் போனால் ஒன்று புயல் வர வேண்டும், அல்லது சுறா வர வேண்டும், அல்லது பிணம் வர வேண்டும். போனான், காத்திருந்தான், ஒன்றும் இல்லை, டீசல் கடனோடு திரும்பினான் என்பதை எழுத நமக்குத் தைரியம் இல்லை. படிக்கிற வாசகருக்கும் பொறுமை இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் கடலில் பிழைப்பு நடத்துகிறவனுடைய வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த நாட்கள்தாம்.

இது கதைக்கு உதவாத சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1952இல் ஹெமிங்வே ‘கிழவனும் கடலும்’ கதையைப் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்: 84 நாட்களாக மீன் கிடைக்காத ஒரு கிழவன். அவன் தூண்டில்களை விடுகிற ஆழத்தை ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்கிறார்: 40 பாகம், 75 பாகம், 100 பாகம், 125 பாகம். ஆய்வுக் கப்பலின் குறிப்பேடு இதைவிட வேறு என்ன சொல்கிறது? அந்தக் கிழவன் பச்சையாகத் தின்று உயிரைப் பிடித்துக்கொள்வதும் ஒரு சிறு சூரையைத்தான். உப்பும் இல்லை, எலுமிச்சையும் இல்லையே என்று அவன் வருத்தப்படுவது கதையின் உயர்ந்த இடங்களில் ஒன்று என்பது என் அபிப்பிராயம். அதற்கும் 100 வருஷம் முந்தி, 1851இல், மெல்வில் ‘மோபி டிக்’ நாவலில் ஒரு அத்தியாயத்தையே கடல் வரைபடத்துக்கு ஒதுக்கினார். பழைய கப்பல் குறிப்பேடுகளைப் பார்த்து, திமிங்கிலம் எந்தப் பருவத்தில் எங்கே வரும் என்று ஆஹாப் கோடு இழுத்துக்கொண்டிருக்கிறான். மேலை நாட்டுப் பெரிய நாவலாசிரியர்கள் அளவைக் கண்டு பயப்படவில்லை. அளவிலிருந்தே வெறியையும் விதியையும் எடுத்தார்கள்.

இனி அறிக்கையின் குறைக்கு வருகிறேன். நாவல்களுக்கு ஒரு தராசும் சர்க்கார் அச்சுக்கு ஒரு தராசும் வைத்துக்கொள்வது நியாயம் அல்ல. இந்த அறிக்கைகளில் மீனின் வயிற்றில் என்ன இருந்தது என்று தெரியும்; கயிற்றை இழுத்தவனின் வயிற்றில் என்ன இருந்தது என்று தெரியாது. செயப்பாட்டு வினையிலேயே எல்லாம் நடக்கிறது. தூண்டில் இடப்பட்டது, கயிறு இழுக்கப்பட்டது. யாரால்? அதைவிட ஆபத்தான ஒரு சொல் இருக்கிறது: ‘பயன்படுத்தப்படாத வளம்’. விஞ்ஞானி இதை எழுதும்போது, இங்கே இவ்வளவு மீன் இருக்கலாம், இன்னும் பிடிக்கலாம் என்ற அர்த்தத்தில்தான் எழுதுகிறார். சர்க்கார் ஆபீஸில் அதைப் படிக்கிறவர் வேறு மாதிரிப் படிக்கிறார்: யாருக்கும் சொந்தம் இல்லாத கடல்.

1991இல் வந்த ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை இப்படித்தான் அந்நியக் கப்பல்களோடு கூட்டு முயற்சிக்குக் கதவைத் திறந்துவிட்டது. மீனவர்கள் தேசம் முழுவதும் போராடினார்கள். முராரி கமிட்டி 1996இல் அந்த லைசென்ஸுகளை ரத்து செய்யச் சொல்லிற்று. ஒரு பெயரெச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை.

எண்ணையும் இரண்டு விதமாகப் படிக்கலாம். ரான்ஸம் மையர்ஸ், போரிஸ் வோர்ம் என்ற இருவர் 2003இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஜப்பானியக் கப்பல்களின் 100 தூண்டில் கணக்கைப் பெரிதும் வைத்துக்கொண்டு, சமுத்திரங்களின் பெரிய இரைபிடி மீன்களில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது என்றார்கள். உலகம் திடுக்கிட்டது. சூரை நிபுணர்கள் பலர் மறுத்தார்கள். தூண்டிலில் மாட்டுகிற விகிதம் வேறு, கடலில் இருக்கிற மீன் வேறு என்பது அவர்கள் கட்சி. இந்துமாக்கடல் சூரை ஆணையத்தின் விஞ்ஞானிகள் 2015இல் மஞ்சள் துடுப்புச் சூரை மிதமிஞ்சிப் பிடிக்கப்பட்டுவிட்டது என்றார்கள். 2024இல் மறுபடி கணக்கிட்டு, நிலைமை அப்படி இல்லை என்றார்கள். இதைக் கண்டு ஏளனம் செய்ய வேண்டியதில்லை. தான் முன்பு எழுதியதைத் தானே திருத்தி எழுதுகிற நேர்மை நாவலாசிரியர்களிடம் இல்லாதது. ஆனால் ஒன்று நிச்சயம்: எண் தானாகப் பேசாது. அதைப் படிக்கத் தெரிந்த மனிதர் வேண்டும்.

இதெல்லாம் எழுத்துக்காரர்களின் வீட்டுச் சண்டை என்று தோன்றலாம். அப்படி இல்லை. சமீப காலத்து நிகழ்ச்சிகள் சிலவற்றைப் பாருங்கள்.

பாக் ஜலசந்தியில் இழுவைப் படகு வைத்திருப்பவர்களை அதிலிருந்து விடுவித்து, ஆழ்கடலில் சூரை பிடிக்க அனுப்பும் திட்டம் 2017இல் ஆரம்பித்தது. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய். 2000 படகுகள் என்பது இலக்கு. அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஏன்? கடன், செலவு, சந்தை என்று பல காரணம் சொல்கிறார்கள். இன்னொன்று என் மனசில் படுகிறது. ராத்திரி போய்க் காலையில் திரும்புகிற ஒருவனை, வாரக்கணக்கில் வெளியே இருக்கிறவனாக மாற்றுவது படகு மாற்றுகிற காரியம் மட்டும் அல்ல. அவன் வீடு மாறுகிறது. பெண்டாட்டி பொறுப்பு மாறுகிறது. பயம் மாறுகிறது. இது திட்ட அறிக்கையில் வராத விஷயம். நாவலில் வர வேண்டிய விஷயம்.

கடலூர்க் கரையில் சுருக்குமடி வலைச் சண்டை ஊரை இரண்டாகப் பிளந்தது. உலகத்துச் சூரையில் பெரும்பகுதி இந்த வகை வலையில்தான் பிடிபடுகிறது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 2000இல் இதைத் தடை செய்தது. 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது: 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை வீசலாம். சட்டத்துக்கு ஒரு கோடு தேவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் சிறு வலைக்காரன், அந்தப் பக்கம் அவனுடைய மாமன் மகனின் பெரிய வலை என்று வரும்போது, அது கோர்ட்டு தீர்க்கிற கதையாக இருப்பதில்லை.

கடைசியாக, 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்து மீனவர்கள் சுறாவுக்கும் சூரைக்கும் அரபிக் கடலில் நெடுந்தூரம் போகிறவர்கள். எச்சரிக்கை வருவதற்கு வெகு முன்பே அவர்கள் புறப்பட்டுப் போயிருந்தார்கள். எத்தனை படகு, எத்தனை பேர் என்று கரையில் ஆளுக்கு ஒரு கணக்காகப் பல நாள் சொன்னார்கள். சூரை எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று சொல்ல ஒரு தேசத்துக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிடிக்கப் போன மனிதன் எந்த அட்சரேகையில் இருக்கிறான் என்று சொல்லத் தெரியவில்லை. கரையில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இரங்கல் திணை நம் கண்முன்னே நடந்தது. ஆனால் அது பாட்டாக இல்லை.

இதனால்தான் நான் இந்த அறிக்கைகளையும் நாவல்களையும் ஒரே மேஜையில் வைத்துப் படிக்கிறேன். ஒன்றில் கடல் இருக்கிறது, மனிதன் இல்லை. இன்னொன்றில் மனிதன் இருக்கிறான், கரையோடு நின்றுவிடுகிறான். இரண்டிலும் காணாமல் போகிறவன் ஒரே ஆள்தான். எழுத்தில் காணாமல் போகிறவனை, புயலில் காணாமல் போகும்போது தேடுவது கஷ்டம்.

பரங்கிப்பேட்டையிலோ கிள்ளையிலோ, மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, சிதம்பரத்தில் படித்து, ஆய்வுக் கப்பலில் கயிறு இழுத்த பையன் ஒருவன் இருப்பான். அவனுக்குத் தகப்பன் சொன்ன காற்றின் பெயரும் தெரியும். அட்டவணையில் பூஜ்யம் போடவும் தெரியும். அவன் எழுதப்போகிற நாவலுக்காக நான் காத்திருக்கிறேன். அதில் புயல் வராவிட்டாலும் பரவாயில்லை. 100 தூண்டில் போட்டு, 99 வெறுமையாக வருவதை ஒன்றுவிடாமல் எழுதினால் போதும். நூறாவது தூண்டிலில் மீன் மாட்டும்போது, அதன் கனம் என்ன என்று படிக்கிற நமக்கு அப்போதுதான் தெரியும்.